பல் மருத்துவர் குறட்டையைப் பற்றியும் கேட்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரவு வண்டி ஓட்டுபவர்கள் கண்ணயர்வதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தூக்கத்தில் மூச்சு நின்று போகும் நோயின் அறிகுறிகளை முதலில் கவனிக்கக்கூடிய பல் மருத்துவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் 18 வருடமாக லாரி ஓட்டுகிறார். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, புளியரை செக்போஸ்ட் தாண்டி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்தின் புனலூர், கொட்டாரக்கரை வரை போவார். விடிவதற்குள் சரக்கு இறங்க வேண்டும். புளியரை எஸ் வளைவில் இரண்டு தடவை கண் சொருகி, கிளீனர் தட்டி எழுப்பியிருக்கிறார். அலுப்பு என்றுதான் நினைத்தோம்.

இதற்கிடையே மூன்று வருடம் பல் வைத்தியம். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகிவிட்டன. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார் என்று சொல்லி எங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவர் கேப் போட்டார். உடைந்தது. மறுபடி போட்டார். தூக்கம் எப்படி என்று ஒருநாளும் கேட்கவில்லை. கைராசியான, அன்பான மனுஷர்தான். படிக்கும்போது அவருக்கு இதை யாரும் அழுத்திச் சொல்லித் தரவில்லை போலும்.

போன வருடம் சரக்கை இறக்கிய கையோடு, வலி தாங்காமல் புனலூரில் வேறொரு மருத்துவரிடம் போனார். நாக்கின் ஓரமெல்லாம் பல் பதிந்த தடம், உள்நாக்கே தெரியாதபடி குறுகிய தொண்டை, உள்வாங்கிய கீழ்த்தாடை. பார்த்தவுடன் அந்த அம்மா, "கூர்க்கம்வலி உண்டோ?" (குறட்டை உண்டா?) என்று மலையாளத்தில் கேட்டாராம். மனைவியை அழைத்து வரச் சொன்னார். மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கும் சத்தத்தை இத்தனை வருடமும் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் நான். என்னிடம் முதலில் விசாரித்தது ஒரு பல் மருத்துவர்!

திருவனந்தபுரத்தில் ஓர் இரவு படுக்கவைத்துப் பரிசோதித்தார்கள். மணிக்கு 34 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. 30ஐத் தாண்டினாலே கடுமையான ஸ்லீப் ஆப்னியாவாம், அதாவது தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. இரத்த அழுத்தமும் இதனால் ஏறும். இப்போது காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையை அடைபடாமல் வைக்கும் சிபாப் மெஷினை மாட்டிக்கொண்டு தூங்குகிறார். வண்டியில் கண் சொருகுவதில்லை.

கீழ்த்தாடையை முன்னே தள்ளி வைக்கும் கருவியைப் பல் மருத்துவர்களே செய்து தரலாம். நோய் அவ்வளவு கடுமையாக இல்லாதவர்களுக்கும், மெஷின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது உதவும். ஆனால் நோய் இன்னதென்று உறுதி செய்ய வேண்டியவர் தூக்க மருத்துவர்தான். பரிசோதனை இல்லாமல், குறட்டைக்கு என்று கருவி மட்டும் விற்பதை நான் ஏற்கமாட்டேன். பல் கடிப்பதற்கு மாட்டும் சாதாரண நைட் கார்டே சிலருக்கு மூச்சுத் தடையைக் கூட்டிவிடக்கூடும்.

நோயாளிகளிடம் இந்த அறிகுறிகளைப் பல் மருத்துவர்கள் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017லேயே கொள்கை வகுத்துவிட்டது. நம் பி.டி.எஸ். படிப்பிலும் இதற்கு உரிய இடம் வேண்டும். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று எழுதி வாங்கும் சீட்டில் குறட்டைக்கும் ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரமாகும்?

விவரம் தெரிந்த பல் மருத்துவர் ஒருவரிடம் இதைப் பற்றி எழுதி வாங்கி வெளியிடுங்கள். பாவூர்சத்திரம் டீக்கடைகளில் உங்கள் இதழ் கிடக்கிறது. லோடு ஏறும்வரை ஓட்டுநர்கள் அதைத்தான் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செங்கோட்டை