‘கருணைக்கொலை’யில் நோயாளி எங்கே இருக்கிறார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீராத நோயால் மரணத்தை நெருங்கிவிட்டவர்கள் மருத்துவரின் உதவியோடு தம் உயிரை முடித்துக்கொள்ள வழிசெய்யும் பிரிட்டன் மசோதாவைப் பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரையையும், இந்தியாவிலும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று கேட்டு அதையடுத்து வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி, அவற்றில் கடைசிப் பதினோரு ஆண்டுகளைப் புற்றுநோய்ப் பிரிவில் கழித்தவள் என்ற முறையில், அந்த விவாதத்தில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டுரைக்குத் தாங்கள் இட்ட தலைப்பு. ‘கருணைக்கொலை’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால், கருணை காட்டுபவர் ஒருவர், கொல்பவரும் அவரே. படுக்கையில் கிடப்பவருக்கு அந்தச் சொல்லுக்குள் இடமே இல்லை. செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவது, மருத்துவர் ஊசி போட்டு உயிரை முடிப்பது, நோயாளி தன் கையாலேயே மருந்தை எடுத்துக்கொள்வது ஆகிய மூன்றும் நம் பத்திரிகைகளில் இந்த ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. முதலாவது, உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளுக்கு உட்பட்டு இந்தியாவில் இப்போதே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, எந்த நோக்கத்தோடு செய்யப்பட்டாலும் உயிரைப் பறித்த குற்றம்தான். மூன்றாவதற்கு உதவுபவர், நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 108-ஆம் பிரிவின்படி தற்கொலைக்கு உடந்தையாக இருந்த குற்றத்துக்கு ஆளாகிப் பத்தாண்டுகள் வரை சிறை செல்ல நேரும். பிரிட்டன் மசோதா பேசுவது இந்த மூன்றாவதைத்தான்.

கிம் லெட்பீட்டர் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் கொண்டுவந்த அந்த மசோதாவைப் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவை 2025 ஜூன் 20 அன்று 314-க்கு 291 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. 2024 நவம்பரில் நடந்த முதல் வாக்கெடுப்பில் 55 ஆக இருந்த வித்தியாசம், விவாதம் நீள நீள 23 ஆகச் சுருங்கியது. ஆறு மாதங்களுக்குள் மரணம் வரும் என்று கணிக்கப்பட்ட, வயதுவந்த ஒருவரை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே சோதிக்க வேண்டும். பிறகு ஒரு சட்ட வல்லுநர், ஒரு மனநல மருத்துவர், ஒரு சமூகப் பணியாளர் அடங்கிய குழு ஒப்புதல் தர வேண்டும். இத்தனை கதவுகளும் ஒரே கேள்விக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன: இது இந்த மனிதரின் சொந்த விருப்பமா, தன் நோயை அறிந்து, தெளிந்த மனத்தோடு இதைக் கேட்கிறாரா? 1997-இலிருந்து இத்தகைய சட்டம் நடைமுறையில் இருக்கும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மருந்துச் சீட்டு பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதை உட்கொள்ளாமலேயே இறந்திருக்கிறார்கள். காரணமாக அங்கே பெரும்பாலானோர் சொல்வதும் வலியை அன்று. தன் முடிவைத் தானே எடுக்கும் நிலை கைநழுவிப் போகிறதே என்பதைத்தான்.

இனி நம் வார்டுக்கு வருகிறேன். என் அனுபவத்தில், புற்றுநோய் என்று உறுதியானதும் மருத்துவர் அழைத்துப் பேசுவது மூத்த மகனிடம்தான். வெளியே வந்ததும் அந்த மகன் எங்களிடம் கேட்கும் முதல் உதவி, “அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சிஸ்டர்” என்பதாகவே இருக்கும். வயிற்றுப் புண், ரத்தம் ஊறவில்லை, ஈரலில் லேசான வீக்கம் என்று ஆளுக்கொரு பெயரை நாங்களும் சொல்லியிருக்கிறோம். கேஸ் ஷீட்டை நோயாளியின் கண்ணில் படாமல் மடித்து வைத்திருக்கிறோம். அன்பினால் சொல்லப்படும் பொய் அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரவுப் பணியில் ஒருநாள், இரைப்பைப் புற்று முற்றிய ஒரு பெரியவர், மகன்கள் கீழே தூங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டு என்னை அருகில் அழைத்து, “எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும்மா. தெரியும்னு பசங்களுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவானுங்க. அதுனால நீயும் சொல்லிராத” என்றார். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் காப்பாற்ற ஒரே பொய்யைச் சுமந்துகொண்டிருந்த அந்தக் கட்டிலில், அவருக்கு என்ன வேண்டும் என்று இறுதிவரை யாரும் கேட்கவில்லை. அவர் இருபது நாளில் போய்விட்டார். ஊரில் அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். அதைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

தன் நோயின் பெயரே தெரியாத ஒருவரால், எந்தச் சட்டத்தின் கீழ், எதற்கு விண்ணப்பிக்க முடியும்?

நான் விருதுநகர் மாவட்டத்துக்காரி. ‘தலைக்கு ஊற்றுவது’ என்று எங்கள் பக்கத்தில் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் வழக்கத்தைப் பற்றி 2010 வாக்கில் செய்தித்தாள்கள் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரில் எழுதியபோது வெளியூர்க்காரர்கள் அதிர்ந்தார்கள். வீட்டு முதியவரின் உயிரை உறவினரே முடித்துவைக்கும் அந்த வழக்கம் எங்களுக்குப் புதிதன்று. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரை அதிகாலையில் எண்ணெய்க் குளியலில் உட்கார வைப்பதும், இளநீர் கொடுப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் பணிவிடையாகவே தெரியும். உறவினர் கூடிப் பேசித்தான் நாள் குறிப்பார்கள். அவர்களில் பலர் உண்மையாகவே அழுதிருப்பார்கள். அவர்களை அரக்கர்கள் என்று என்னால் சொல்ல முடியாது: கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீட்டில், மலம் அள்ளவும் புண்ணைத் துடைக்கவும் ஒரு ஆள் முழுநேரம் வேண்டும் என்பது என்னவென்று அனுபவித்தவர்களுக்கே தெரியும். இருந்தாலும் அது கொலைதான், அங்கே கருணையும் இருந்திருக்கலாம் என்றாலும். கூடிப் பேசிய அந்தக் கூட்டத்தில் படுத்திருந்தவருக்கு ஒரு குரல் இருந்ததா என்பதுதான் என் கேள்வி. அப்படியே அவரே “போதும்ப்பா” என்று சொல்லியிருந்தாலும், அது அவருடைய விருப்பமா, மருமகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று எந்தக் குழுவால் பிரித்தறிய முடியும்? ‘பாரமாக இருக்கிறேன்’ என்ற வார்த்தையைக் கேட்காத ஒரு வாரத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கிலும் இதே கேள்விதான் நடுவில் நின்றது. 1973 நவம்பரில் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்த அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று ஓர் எழுத்தாளர் மனுத் தொடுத்தார். அவரைத் தம் பிள்ளையைப்போலப் பராமரித்துவந்த மருத்துவமனை ஊழியர்கள் எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் தகுதி மனுதாரரைவிட அந்த ஊழியர்களுக்கே உண்டு என்று சொல்லி மனுவைத் தள்ளிய அதே தீர்ப்பில், சிகிச்சையை நிறுத்துவதற்கு உயர் நீதிமன்ற அனுமதியோடு வழியும் திறந்தது. அருணா 2015 மே மாதம் வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள் அந்த நிலையிலேயே இருந்து இறந்தார்.

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, ‘லிவிங் வில்’ எனப்படும் முன்கூட்டிய விருப்ப ஆவணத்துக்குச் சட்டத் தகுதி அளித்தது. தான் பேச முடியாத நிலையை அடைந்த பிறகு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை, நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமை அது. மாஜிஸ்திரேட் முன்பு கையொப்பமிட வேண்டும் என்ற நிபந்தனையால் அது ஏட்டளவிலேயே நின்றுபோனதால், 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது: இரண்டு சாட்சிகளும், ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றும் இருந்தால் போதும். சிகிச்சையை நிறுத்தலாமா என்று ஆராயும் மருத்துவமனையின் முதல் மருத்துவர் குழுவும், அதைச் சரிபார்க்கும் இரண்டாம் குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதைத் தங்கள் வாசகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? மருத்துவர்களிலேயே பலருக்குத் தெரியாது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

தெரியாததால் நடப்பது வேறொன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் கட்டணம் நாளுக்கு நாள் ஏற, நகை விற்று, நிலம் அடகு வைத்து, இனி ஒன்றுமில்லை என்ற நாளில் ‘ஏ.எம்.ஏ.’ என்று நாங்கள் குறிப்பிடும் தாளில், மருத்துவ ஆலோசனைக்கு மாறாகச் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்று குடும்பத்தார் கையெழுத்திடுகிறார்கள். ஆம்புலன்சில், கையால் மூச்சுக்காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை ஒருவர் அழுத்திக்கொண்டே வருவார். வீட்டு வாசலில் அது நிற்கும். அந்தக் கடைசி மணி நேரத்தில் மூச்சுத் திணறலைத் தணிக்க ஒரு மருந்தும் கூட வராது, ஏனென்றால் காகிதத்தின்படி அவர் இப்போது எவருடைய நோயாளியும் அல்லர். நம் நாட்டில் ‘சிகிச்சையை நிறுத்துதல்’ ஏழைகளுக்கு இப்படித்தான் நடக்கிறது. மருத்துவ உதவியோடு இறப்பதற்கு இங்கே சட்டம் வந்தாலும், அதை முதலில் பயன்படுத்தப்போவது ஓரிகனில் தன் முடிவைத் தானே எடுக்க விரும்புபவரைப் போன்றவரா, கடன் தீர வேறு வழி தெரியாதவரா என்று நான் அஞ்சுவது இதனால்தான்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகுக்குச் சட்டபூர்வமாக அபின் விளைவித்துத் தரும் மிகச் சில நாடுகளில் ஒன்று இந்தியா. ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும், வலி தணிக்கும் மருந்தான மார்ஃபின் நம் நோயாளிகளுக்கு எட்டாமலே இருந்தது. 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கேட்ட உரிமங்களுக்கு அஞ்சி மருத்துவமனைகள் மாத்திரையை வாங்கி வைப்பதையே கைவிட்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டும் அச்சம் முழுதாக விலகவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரம் பார்த்து, மலச்சிக்கலுக்கான மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மார்ஃபின் மாத்திரை பல நோயாளிகளை என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். “ஒரு ஊசியப் போட்டு முடிச்சிருங்கம்மா” என்று திங்கட்கிழமை கெஞ்சிய பெண், வியாழக்கிழமை பேரனுக்கு மொட்டையடிக்கும் தேதியை விசாரித்தார். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புப் பணி, தன்னார்வலர்கள் வீடு வீடாகச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. நம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் 2021 முதல் வீட்டுக்கே சென்று தரும் நோய்த்தணிப்புச் சிகிச்சை இருக்கிறது. அதற்கு இன்னும் ஆட்கள் வேண்டும், மார்ஃபினும் வேண்டும்.

எல்லா வலியும் மருந்தால் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். தீராத சிலரை என் கையாலேயே பராமரித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் முழுத் தெளிவோடு, யார் தூண்டுதலும் இன்றி, தன்னைப் போக விடும்படி கேட்டார். அவருக்குச் சொல்லத் தகுந்த பதில் அன்றும் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை. அவரைப் போன்றவர்களுக்காக இந்த விவாதம் நடக்கத்தான் வேண்டும். அவருக்கு எதிராக அறவுரை பேசுபவர்கள் ஒரு வாரம் இரவுப் பணி பார்த்துவிட்டுப் பேசட்டும். ஆனால் நோயாளியிடம் நோயைச் சொல்வதும், வலியைத் தணிப்பதும், ஏற்கெனவே இருக்கும் உரிமையை நடைமுறைக்குக் கொண்டுவருவதும் முதலில் நடக்காமல் அந்தச் சட்டத்தைக் கேட்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. முதலில் நான் சொன்ன அந்த மூன்று செயல்களுக்கும் இனி வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்துங்கள். முன்கூட்டிய விருப்ப ஆவணத்தின் மாதிரியைத் தமிழில் ஒருநாள் முழுப் பக்கத்தில் வெளியிடுங்கள்.

சென்ற ஆண்டு என் ஆவணத்தை நானே தமிழில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு ஒரு நோட்டரியிடம் கொண்டுபோனேன். பொறுமையாகப் படித்தார். “பையன் கையெழுத்து எங்கம்மா?” என்று கேட்டார். மகனுக்கு விஷயம் தெரியும், ஆனால் சட்டம் அவன் கையெழுத்தைக் கேட்கவில்லை, இது என் உடம்பைப் பற்றியது என்றேன். ‘அது சரி’ என்று தலையாட்டியவர், எதற்கும் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன் என்று போனை எடுத்தார். மகன் சரியென்று சொன்ன பிறகுதான் முத்திரை விழுந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.