"ஒரே டோஸில் குணம்" என்று விற்கும் மீன் மருந்து பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் மீன் மருந்து பாட்டிலின் முன்பக்கத்தில் "எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, ஒரே டோஸில் குணம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதம் அந்த வரியைப் பற்றித்தான்.

என் தொட்டியில் வந்தது, ஒட்டுண்ணியால் உண்டாகும் வெள்ளைப் புள்ளி நோய். நியான் டெட்ரா மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கற்களில் உடம்பை உரசின, அப்புறம் உப்புத் தூள் தூவியதுபோல மேலெல்லாம் புள்ளிகள். லேபிளில் சொன்ன அளவு மருந்தை ஊற்றினேன், புள்ளிகள் மறைந்தன, கொஞ்ச நாளில் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தன. உங்களுக்கு எழுதிக் கேட்டால் "தண்ணீரின் தரத்தைச் சரிபார்க்கவும்" என்று ஒரே வரியில் பதில். மருந்து ஊற்றுவதற்கு முன்னாலேயே சோதித்திருந்தேன், மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியாவும் 0, நைட்ரைட்டும் 0. அதை என் முதல் கடிதத்திலேயே எழுதியும் இருந்தேன், படித்தீர்களா என்று தெரியவில்லை.

புள்ளியாகத் தெரியும்போது அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது, அங்கே மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் தானாகவே உதிர்ந்து தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரிகிறது, பிறகு குஞ்சுகள் வெளியே வந்து அடுத்த மீனைத் தேடி நீந்துகின்றன, மருந்துக்கு அவை சிக்குவது அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். 25 டிகிரி வெப்பத்தில் இந்தச் சுற்று முழுவதும் முடிய ஏறக்குறைய ஒரு வாரம், தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் வெகுநாள் ஆகும். அதனால்தான் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப மருந்து கொடுக்க வேண்டும், புள்ளி மறைந்த பிறகும் சில நாள் நிறுத்தக் கூடாது. இதைக் கொஞ்சம் யோசித்தால், உங்கள் பாட்டிலில் வெறும் தண்ணீர் இருந்தாலும் முதல் தடவை புள்ளி மறையத்தான் செய்யும்! அதை "குணம்" என்று போட்டு விற்கிறீர்கள்.

அடுத்தது லோச் மீன்கள். அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்துச் செத்தன, ஏர் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மருந்தில் என்ன இருக்கிறது என்று லேபிளில் ஒரு வார்த்தை கிடையாது, கேட்டதற்கு "நிறுவன ரகசியம்" என்றார் உங்கள் ஊழியர். தொட்டியின் கண்ணாடிகளை ஒட்டும் ஓரத்து சிலிகான் பசை பச்சை நீலமாகக் கறை பிடித்ததைப் பார்த்தால் மலக்கைட் கிரீன் என்ற சாயம்தான் என்றே சந்தேகப்படுகிறேன். அதுவாக இருந்தால், செதில் இல்லாத, அல்லது செதில் மிக நுண்ணியதாக உள்ள லோச், கேட்ஃபிஷ் வகைகளை அது கடுமையாகத் தாக்கும், பாதி அளவுதான் கொடுக்கச் சொல்வார்கள். செம்பு கலந்த மருந்து என்றால் தொட்டியில் இருக்கும் இறாலும் நத்தையும் போய்விடும். மீன் வளர்ப்பவர் இதைத் தெரிந்துகொள்வதில் என்ன ரகசியம்?

ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கரி, இருந்தால் அது மருந்தை உறிஞ்சிவிடும், எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். எனக்குத் தெரியும், எடுத்துவிட்டேன். முதல் தொட்டி வைத்திருப்பவருக்கு யார் சொல்வது? "எல்லா நோய்க்கும்" என்பதும் அப்படித்தான். வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணியால் வருவது, துடுப்பு அழுகல் பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது, பஞ்சு போல வளர்வது பல சமயம் பூஞ்சை. மூன்றுக்கும் ஒரே சொட்டு மருந்து எப்படி?

உள்ளே வைத்திருக்கும் மடிப்புத் தாளில் உங்கள் மற்ற பொருட்களின் விளம்பரத்துக்கு இடம் இருக்கிறது. புதிதாக வாங்கிய மீனை இரண்டிலிருந்து நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்கவும், அந்தத் தொட்டிக்கு வலையைக்கூடத் தனியாக வைத்துக்கொள்ளவும் என்று எழுத மட்டும் இடம் இல்லை. ஒருவேளை எழுதினால் மருந்து விற்பனை குறையுமோ என்னவோ.

மருந்துக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள். கலந்திருக்கும் பொருட்களின் பெயரையும் அளவையும் எழுத்தில் அனுப்புங்கள். "ஒரே டோஸில்" என்ற வரியை எடுத்துவிட்டு, எத்தனை நாள் இடைவெளியில் எத்தனை தடவை, எந்த மீனுக்குப் பாதி அளவு, எதற்குக் கூடவே கூடாது என்று லேபிளில் அச்சிடுங்கள். பாட்டிலின் இரண்டு பக்கப் படங்களையும் தொகுதி எண்ணையும் இணைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போவேன். தண்ணீரைச் சரிபார்க்கச் சொல்லும் அந்த வரியை மட்டும் திரும்ப அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருந்தை வாங்கிய வாடிக்கையாளர்