ஆபரேஷன் காவேரி ஞாபகம் இருக்கா மாப்ள

டேய் மாப்ள,

எட்டு மாசமாச்சு எழுதி. திட்டு, வாங்கிக்கிறேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, தெருக்கோடியில வர்றது யாருன்னு இப்ப எனக்கு முன்னாடி அவங்க சொல்லிடறாங்க. சம்பா நட்டாச்சு. குண்டு இன்னும் அதே பைக்தான், ஓட்டுறான்னு சொல்ல முடியாது, தள்ளுறான்.

எழுத உக்காந்தது வேற விசயத்துக்கு. போன ஞாயித்துக்கெழம மன்னார்குடி சலூன்ல இருந்தேன். டிவில ஒரு நடிகர் வீட்டுத் தகராறு, நாலு நாளா அதேதான், ஆறு பேரு ஆறு கட்டத்துல கத்துறாங்க. நானும் வாயப் பொளந்துகிட்டுதான் பாத்தேன், யோக்கியன் வேஷம் போடல. பக்கத்து சேர்ல பாதி மூஞ்சி சோப்போட நம்ம எலக்ட்ரீஷியன் அண்ணன். திடீர்னு, "இதே சேனல்தான் தம்பி என்னைய ஏர்போர்ட்ல பேட்டி எடுத்துச்சு"ன்னாரு.

அப்பறம்தான் எனக்கு உறைச்சுது. 2023 ஏப்ரல் 15-ந் தேதி சூடான் தலைநகரு கார்டூம்ல ராணுவமும் ஆர்எஸ்எஃப்புங்கிற துணைப்படையும் அடிச்சுக்க ஆரம்பிச்சப்ப, நம்மாளுங்கள போர்ட் சூடான் வழியா கப்பல்லயும் விமானத்துலயும் ஜெட்டாவுக்கு ஏத்தி கொண்டாந்தாங்களே, அதுக்குப் பேரு ஆபரேஷன் காவேரி. நம்ம ஆத்துப் பேரு! 3,800 பேருக்கு மேல வந்து சேந்தாங்க. மாலை என்ன, மைக் என்ன. மே மாசம் கடைசி ஆளும் வந்தாச்சு, அதோட நம்ம டிவில சூடானும் முடிஞ்சு போச்சு. சண்ட மட்டும் முடியல.

அண்ணன் வேலைக்காக கெசிராங்கிற பக்கம் போயிருக்காரு. அரபில தீவுன்னு அர்த்தமாம். நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் நடுவுல கெடக்குற மண்ணு, நம்ம ஸ்ரீரங்கம் மாதிரி, ஆனா எவ்வளவு பெருசுங்கிற! 1925-ல வெள்ளக்காரன் சென்னார்ல அணை கட்டி, பம்பு இல்லாம தானா பாயிற தண்ணி, இருவது லட்சம் ஏக்கருக்கு மேல. மேட்டூருக்கு ஒம்போது வருசம் மூத்தது. வாய்க்கா, கிளை வாய்க்கா, மதகு, தண்ணிக்கு அடிதடி எல்லாம் நம்மூருதான் தம்பி, பருத்தியும் சோளமும் போடுவான், அதான் வித்தியாசம்னாரு. 2023 டிசம்பர்ல ஆர்எஸ்எஃப் அங்க வாத் மதனிங்கிற ஊர புடிச்சுது. அன்னிக்கு இங்க தூத்துக்குடில வெள்ளம், சரி, அது நியாயம், அதைத்தான் காமிக்கணும். தண்ணி வடிஞ்சதுக்கு அப்பறமாச்சும் காமிச்சிருக்கலாம்ல? வெதைக்க ஆளில்லாம வயக்காரனே ஓடிப்போன கதைடா, நம்மளத் தவிர யாருக்குடா அது புரியும். அவரோட வேலை பாத்த அந்தூரு ஆளுக்கு அனுப்புன மெசேஜ் ரெண்டு வருசமா ஒத்த டிக்கோட நிக்குது, எடுத்து காமிச்சாரு. சலூன்காரரு கத்திய கையில வச்சுகிட்டு கேட்டுகிட்டே நின்னாரு.

பத்திரிகைக்காரன் நீ சொல்லுவியே, தூரத்து சாவு உள்பக்கம், பக்கத்து சண்ட முதல் பக்கம்னு. சரிடா, தூரம்தான் கணக்குன்னா 2009-க்கு என்ன சொல்லுவ? கோடியக்கரையில நின்னா அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். மே 16 நீயும் நானும் டீக்கடையில வோட்டு எண்ணிக்கை பாத்து கைதட்டிகிட்டு இருந்தோம், பந்தயத்துல நீ அம்பது ரூபா தோத்த. ரெண்டே நாள்ல முள்ளிவாய்க்கால் முடிஞ்சுது. அந்த அம்பது ரூபாய நான் வாங்கிருக்கக் கூடாது.

தூரமில்லடா, காசு. சூடானுக்கு மேக்கால இருக்குற டார்ஃபூர் பகுதிக்கு ஒரு ஆள அனுப்ப விசா, உயிர் பயம், எவ்வளவு செலவு. ஆறு பேர வச்சு கத்த வுடறதுக்கு வீடியோ காலும் ரெண்டு டீயும் போதும். எதிர்த்துப் பேச ஒரு ஆளு வேணும் அவனுங்களுக்கு, பசிக்கு எதிர்த்தரப்புன்னு எவன வந்து உக்கார வைப்பான்? 2024 ஆகஸ்ட்ல அங்க ஜம்ஜம் அகதி முகாம்ல பஞ்சம்னே அறிவிச்சாங்க, ஒரு விவாதம் பாத்தியா நீ? ஒரு கோடி பேருக்கு மேல வீட்ட வுட்டு ஓடிருக்காங்க மாப்ள.

சேனல மட்டும் வையவும் எனக்கு யோக்கியதை இல்ல. 500 நாளுக்கு மேல முற்றுகையில கெடந்த டார்ஃபூர் நகரம் எல் ஃபாஷர் 2025 அக்டோபர் 26 ஆர்எஸ்எஃப் கையில விழுந்துச்சு. அன்னிக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா, கொள்முதல் நிலையத்து வாசல்ல, தார்ப்பாய்க்கு கீழ மொளைச்ச நெல்ல கிளறிகிட்டு, ஒரு கேமராக்காரன் இந்தப் பக்கம் வரமாட்டானான்னு.

நீ இருவது வருசம் டெஸ்க்ல உக்காந்தவன். எது உள்ள போவணும்னு ராத்திரி யாரு கடைசியா சொல்றது, நீயா, மேல இருக்கறவனா, விளம்பரக்காரனா? பொங்கலுக்கு வரும்போது சமாளிக்காம உண்மையச் சொல்லு. என் டார்ச்லைட்டையும் எடுத்துட்டு வா, பதினோரு வருசமாச்சு.

உன்
கடைமடை