விரிசல் விழுந்த கல்லை ஆற்றில் விட வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிக இணைப்பில் அண்மையில் வெளிவந்த கேள்வி-பதில் பகுதியில், விரிசல் விழுந்த ராசிக்கல்லை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஓடும் நீரில் விட்டுவிட வேண்டும் என்று ஒரு வாசகருக்கு அறிவுரை கூறப்பட்டிருந்தது. கிரகங்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் கம்பியைப் பற்றி நன்றாகவும் கல்லைப் பற்றி ஓரளவும் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் வைண்டிங் பட்டறையில் செப்புக் கம்பி சுற்றிப் பிழைத்த நான், ஓய்வுக்குப் பிறகு, பட்டை தீட்டுகிறவர்கள் கழித்துப்போடும் கற்களைக் கம்பியால் கட்டிப் பதக்கங்களாக்கி வருகிறேன். கீறல் விழுந்த கல்லைத் தூக்கி எறியவும் வேண்டாம், கீறலை ஒளித்து விற்கவும் வேண்டாம், கீறல் தெரியும்படியே அதை அணியலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

எங்கள் காங்கயம் வட்டாரத்தில் மழை பெய்து ஓய்ந்ததும் மேட்டாங்காடுகளில் கல் பொறுக்கப் போவது பழைய பழக்கம். பக்கத்தில் படியூரில் பச்சை கலந்த நீல நிறப் பெரில் கல்லைப் பழங்காலத்திலேயே தோண்டி எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில் பெரில், நீலக்கல், படிகம், செந்நிறச் சூதுபவளம் ஆகியவற்றில் செய்த மணிகளுடன், வேலை முடியாமல் விட்ட மணிகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கைவினைஞர்களும் எங்களைப் போலவே, பாதி வேலையில் உடைந்த கல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பூமியிலிருந்து வரும் கல்லில் குறையில்லாதது அபூர்வம். அக்வாமரின் எனப்படும் அந்த நீலப் பெரில் கல்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், உள்ளே மெல்லிய குழாய்கள் ஒரே திசையில் சாரல் மழை போல ஓடுவதைக் காணலாம். சந்திரகாந்தக் கல்லுக்குள் (மூன்ஸ்டோன்) லென்ஸ் வைத்துப் பார்த்தால், கால்கள் முளைத்த பூரானைப் போலச் சிறு பிளவுகள் தெரியும். கற்களைச் சோதிப்பவர்கள் அதைப் பூரான் என்றே அழைக்கிறார்கள். உள்ளே அடங்கிய இத்தகைய குறைகளால் பெரும்பாலும் ஆபத்தில்லை. நகத்தை மெல்ல ஓட்டும்போது தட்டுப்படுகிற விரிசல், அதாவது மேற்பரப்பு வரை வந்துவிட்ட விரிசல்தான் கவலைக்குரியது. அப்படிப்பட்ட கல்லை நகையில் அதற்கென அமைத்த குழியில் வைத்து, ஓரத்து உலோகத்தை மடக்கி அழுத்தும்போதோ, பிறகு பற்றவைக்க நெருப்புக் காட்டும்போதோ அது பிளந்துவிடுகிறது. கம்பி கட்டும் வேலையில் நெருப்பும் இல்லை, உலோகத்தை ஒட்டவைக்கும் பொடி வைத்துப் பற்றவைப்பதும் இல்லை என்பதால், குறையுள்ள கல்லுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன்.

சென்ற மாதம் கட்டிய ஒரு சந்திரகாந்தக் கல்லைச் சொல்கிறேன். கட்டைவிரல் நகத்தின் அளவு, முட்டை வடிவம், இடத்தோளிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் ஒரு விரிசல். இந்தக் கல்லுக்கு ஏறக்குறையச் செங்கோணத்தில் அமைந்த இரண்டு பிளவுத் தளங்கள் இயற்கையிலேயே உண்டு. தப்பான இடத்தில் அழுத்தினால் கத்தி வைத்து வெட்டியது போலப் பிரியும். ஆகவே முதலில் செல்போன் விளக்கின் மேல் கல்லை வைத்து விரிசல் போகும் போக்கைப் பார்த்து, அதைக் காகிதத்தில் வரைந்துகொண்டேன். 22ஆம் எண் (இந்த எண் கம்பியின் தடிமனைக் குறிக்கும்) வெள்ளிக் கம்பி மூன்றை அருகருகே வைத்து, 28ஆம் எண் மெல்லிய கம்பியால் மூன்று இடங்களில் நெருக்கமாகச் சுற்றிப் பட்டையாக்கி, அதைக் கல்லின் இடுப்பைச் சுற்றி வளைத்தேன். பின்னர் முன்புறக் கம்பியையும் பின்புறக் கம்பியையும் நான்கு இடங்களில் மட்டும் கல்லின் மேல் சாய்த்தேன். கம்பி விரிசலை ஒட்டிப் படுக்காமல், அதற்குக் குறுக்கே கடந்து இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். விரிசல் ஓரத்தைத் தொடுகிற இடத்தில் கம்பியே படக்கூடாது. இந்த இறுதி வளைவுகளுக்குக் குறட்டை எடுக்கவே கூடாது, விரல்தான். குறட்டுக்குக் கல்லின் முனகல் கேட்காது. கம்பியின் நுனியை அரத்தில் தேய்த்து உட்புறம் சுருட்டிவிடாவிட்டால் சேலையை இழுத்துவிடும் என்பது என் மனைவி கற்றுத் தந்த பாடம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே வைண்டிங் கடைகளில் 22ஆம் எண் என்று கேட்டால் கிடைப்பது 0.71 மில்லிமீட்டர் கம்பி. இணையத்தில் காணும் அமெரிக்கப் பாடங்களில் அதே எண்ணுக்கு 0.64 மில்லிமீட்டர். கையிலுள்ள கம்பியை அளந்து பார்த்துத் தொடங்குவது நல்லது. மேலும், கம்பியை வளைக்க வளைக்க அது விறைக்கும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தி மடக்கினால் முறிந்துவிடும். ஆகையால் பழகுவதற்குச் செப்புக் கம்பியும் கூழாங்கல்லும் போதும்.

கீறலை ஒளிக்கும் வழக்கத்தால் நானும் பட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் என் மனைவிக்குச் சிவப்புக் கல் மோதிரம் வாங்கினோம். ரசீதில் “கல் 1” என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. மோதிரத்தைப் பெரிதாக்க நகை வேலை செய்யும் பத்தரிடம் கொடுத்தபோது, நெருப்பும் பற்றவைக்கப் பூசும் வெங்காரமும் பட்டுக் கல்லின் மேல் வெள்ளையாக வலை விரித்துவிட்டது. பாவம், அந்தப் பத்தரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பிறகுதான் கல் சோதிப்பவர் ஒருவர் லென்ஸில் குமிழிகளைக் காட்டி, மாணிக்கத்தின் வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பியிருக்கிறார்கள், இதை எலுமிச்சைச் சாறுகூட அரித்துவிடும் என்று விளக்கினார். பத்தரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். விற்ற கடை மட்டும் தனக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தமே இல்லாதது போலப் பேசியது. அந்தக் கல் இப்போது வெள்ளிக் கம்பிக்குள், வலை விரித்த முகத்தோடு, என் மனைவியின் கழுத்தில் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் மதுரையின் மணிக்கடைத் தெரு வருணிக்கப்படும் இடத்தில், வைரத்துக்குரிய குற்றங்கள் காகபாதம் (காக்கைக்கால் போன்ற கோடு), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ஏகை (கீற்று) எனப் பெயர் சொல்லியே குறிக்கப்படுகின்றன. இன்றைய ரசீதில் அந்த ஒரு வரிக்கு இடமில்லையா? கல்லில் விரிசல் உண்டா, எண்ணெயோ கண்ணாடியோ நிரப்பப்பட்டிருக்கிறதா என்பதை விற்பவர் எழுதித் தர வேண்டும் என்றும், எழுதித் தராத இடத்தில் கல் வாங்க வேண்டாம் என்றும் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன். அட்சய திருதியையை ஒட்டி வரும் நகைப் பக்கங்களில் இதற்குச் சிறிது இடம் ஒதுக்கினாலே போதும்.

அந்தக் கேள்வியை அனுப்பிய வாசகர் தம் கல்லை இன்னும் ஆற்றில் விடவில்லையென்றால், வெந்நீரில் கழுவாமல், மற்ற நகைகளோடு சேர்த்துப் போடாமல், பஞ்சில் சுற்றித் தனி டப்பாவில் வைத்திருக்கட்டும். கம்பி கட்டுகிற ஒருவரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் வைண்டிங் தொழிலாளி,
காங்கயம்.