மெகுரோ கோயிலும் நம்ம ஊர்க் கட்டடமும்

புதுச்சேரி
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜான்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ அனுப்பிய தைலம் நல்ல குணம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த முறை வரும்போது பத்து பாட்டிலாவது கொண்டுவர வேண்டியிருக்கும்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு ஏதோ பூசி மெழுகினேன். அது எனக்கே பிடிக்கவில்லை. "நம்ம ஊர் கோல்கோண்ட் கட்டினவர்தான் இங்க டோக்கியோவுல நான் போற மெகுரோ கோயிலும் கட்டினார்னு பெருமையா சொன்னீங்களேப்பா. அவர் உலகப் போர் நேரத்துல என்ன செஞ்சார்னு படிச்சேன். இனி அங்க பூசைக்கு உட்கார மனசு வரல" என்றாய். பெருமையாகச் சொன்னது நான்தான். எனவே பதில் சொல்லும் கடனும் எனக்குத்தான்.

அந்தோனின் ரேமண்ட் என்ற அந்தக் கட்டடக்கலைஞரை எனக்குத் தெரிய வந்ததே கோல்கோண்டால்தான். அரவிந்தர் ஆசிரமத்து விடுதி, யாரும் நினைத்தபோது நுழைய முடியாது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நண்பர் அனுமதி வாங்கி அழைத்துப் போனார். கத்திரி வெயில். உள்ளே மின்விசிறி சுற்றவில்லை, ஆனால் சட்டை உடம்பில் ஒட்டவில்லை. தெற்கிலும் வடக்கிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய லூவர் பலகைகள், காலடியில் கடப்பாக்கல், அறைக்குத் தேக்கில் நகர்த்தும் கதவு. 1930களின் கடைசியில், ஊரே சுண்ணாம்பும் செங்கல்லுமாக இருந்தபோது, ஆசிரமவாசிகளையே வேலைக்கு வைத்து வார்த்த கான்கிரீட். ஐதராபாத் நிஜாமின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதாரி வழியாக ஒரு லட்ச ரூபாய் வந்ததால் அந்த ஊர்க் கோட்டையான கோல்கொண்டாவின் பிரெஞ்சு உச்சரிப்பையே பெயராக வைத்தார்கள். அன்று எங்கள் அலுவலகத்துக்குத் திரும்பி, மேலே தகரம் போட்ட அறையில் உட்கார்ந்து, நாம் கட்டுவதெல்லாம் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் இந்த ரேமண்ட் யார் என்று தேடித் தேடிப் படித்தேன். 1888இல், இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவில், கிளாத்னோ என்ற ஊரில் பிறந்தவர். பிராகாவில் படித்து, 1910இல் நியூயார்க் போய், காஸ் கில்பர்ட் என்ற கட்டடக்கலைஞரிடம் சேர்ந்தார். அவர் கட்டின வுல்வொர்த் என்ற வானளாவிய கட்டடத்தின் வெளி அலங்கார வேலைகளை வரைந்துகொண்டிருந்தார். உன்னைப் போலத்தான், மூன்று வருடம் அடுத்தவர் கட்டடத்துக்கு மூலை முடுக்கு. பிறகு பேர்பெற்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டிடம். அவர் இம்பீரியல் ஹோட்டலைக் கட்ட டோக்கியோ போனபோது, 1919 கடைசியில், இவரும் மனைவி நோயமியும் கூடப் போனார்கள். ரைட்டின் அலங்காரங்கள் அந்த மண்ணோடு ஒட்டவில்லை என்று இவருக்குப் பட்டது. ஓரிரண்டு வருடத்தில் பிரிந்து தனி அலுவலகம் போட்டார். (இதைப் படித்துவிட்டு நீ நாளைக்கே ராஜினாமா எழுதிவிடாதே.)

இவர் ஜப்பானுக்குக் கற்பிக்க வந்தவராக இருந்து, கற்றுக்கொள்கிறவராக மாறினார். தூணை மறைக்காமல் விடுவது, வீட்டையே தோட்டத்துக்குத் திறந்து வைப்பது, மரத்துக்குச் சாயம் பூசாமல் மரமாகவே விடுவது எல்லாம் அந்த ஊர்த் தச்சர்களிடம் எடுத்தது. 1935இல் கருயிசாவாவில் கட்டின புனித சின்னப்பர் கோயிலைப் பார், கூரையை உருண்டை மரங்கள் கத்தரிபோல் குறுக்கிட்டுத் தாங்குகின்றன. உருவம் அவர் பிறந்த பக்கத்து மலைக் கிராமத்து மரக் கோயில்களை நினைவூட்டும், கைவேலை ஜப்பான் தச்சருடையது. கத்தோலிக்கக் கோயில் என்றால் கோபுரமும் கண்ணாடிச் சித்திரமும் என்று வளர்ந்த எனக்கு, படத்தில் பார்த்தபோது முதலில் மாட்டுக் கொட்டகைபோல் இருந்தது. நம்ம சம்பா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினவன் கண்ணுக்கு அப்படித்தான் படும். இரண்டாம் முறை பார்த்தபோது உன் தாத்தாவின் தச்சுப் பட்டறை நினைவு வந்துவிட்டது.

சுமார் பதினெட்டு வருடம் ஜப்பானில். போர் மேகம் கூடியதும் கிளம்பினார். 1938இல் குடும்பத்தோடு சில மாதம் நம்ம ஊரில் தங்கினார். அதற்கு முன்பே தன் அலுவலகத்து இளைஞர் ஜார்ஜ் நகாஷிமாவை இங்கே அனுப்பியிருந்தார். நகாஷிமா அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். ஆசிரமத்தில் சுந்தரானந்தா என்று பெயர் வாங்கினவர். இந்தப் பெயரை மறக்காதே, கீழே வருகிறார்.

இனி நீ படித்த பகுதி. ரேமண்ட் பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற இடத்தில் பண்ணை வாங்கிக் குடியேறியிருந்தார். 1943இல் யூட்டா பாலைவனத்தில், டக்வே சோதனைத் திடலில், ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளை அச்சாகக் கட்டித் தரச் சொன்னது அமெரிக்க ராணுவம். மரச் சட்டம், தரையில் பாய், வீட்டுச் சாமான் வரை. எதற்கு? நேபாம் என்ற தீக்குண்டு போட்டு எப்படிப் பற்றுகிறது என்று பார்க்க. எரித்தார்கள், மறுபடி கட்டினார்கள், மறுபடி எரித்தார்கள். பக்கத்திலேயே ஜெர்மன் வீடுகள். அவற்றுக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த எரிக் மெண்டல்சன் என்ற கட்டடக்கலைஞர். 1945 மார்ச் 9 இரவில் தொடங்கி விடிவதற்குள், அமெரிக்க விமானங்கள் போட்ட தீக்குண்டுகளில், டோக்கியோவில் ஏறக்குறைய 1 லட்சம் பேர் செத்தார்கள். பதினெட்டு வருடம் எந்தத் தச்சர்களிடம் பாடம் கேட்டாரோ, அவர்கள் தெருவுக்கே அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது. மூங்கில், காகிதம், பாய், எதில் எவ்வளவு இடைவெளி என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

அதே 1943இல் இன்னொன்றும் செய்தார். ஜப்பான் ரத்தம் என்பதற்காக நகாஷிமாவை மனைவி, கைக்குழந்தையோடு ஐடஹோவில் மினிடோக்கா முள்வேலி முகாமில் அடைத்திருந்தார்கள். ரேமண்ட் பொறுப்பேற்று அவர்களை வெளியே எடுத்துத் தன் பண்ணையில் வைத்துக்கொண்டார். அதையும் இதையும் தராசில் வைத்துக் கழித்துக் காட்டு என்றால் எனக்கு வராது. ஒரே வருடம், ஒரே மேசை. அவ்வளவுதான் தெரிகிறது.

1948இல் ஜப்பான் திரும்பினார். அதற்குப் பின்தான் கோயில்கள் அதிகம். பிலிப்பைன்ஸில் நெக்ரோஸ் தீவில், விக்டோரியாஸ் சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களுக்குக் கட்டினது எனக்குப் பிடிக்கும். பீடத்துக்குப் பின்னால் அல்ஃபோன்சோ ஒஸோரியோ தீட்டின இயேசு, நம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கண்ணை உருட்டிக் கோபமாக இருக்கிறார். பிறகு 1950களின் நடுவில் ஆசீர்வாதப்பர் சபைச் சாமியார்களுக்காக உன் மெகுரோ கோயில். ஷிபாட்டாவில் செங்கல்லும் உருண்டை மரமுமாக ஒன்று, 1965. நகோயாவில் இறைவார்த்தை சபைக் குருமடத்துச் சிற்றாலயம், 1966. இவையெல்லாம் பிராயச்சித்தம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போருக்கு முன்பும் அவர் இதே மாதிரிதான் கட்டினார். வேலை கொடுத்தார்கள், கட்டினார். 1976இல் பென்சில்வேனியாவில் இறந்தார்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கடற்கரை ஓரக் குப்பம் ஒன்றை அளக்க என்னை அனுப்பினார்கள். என் அத்தை மகன் அங்கே குடியிருந்ததால் எந்தச் சந்து எங்கே போகும், எந்தக் குடிசைக்குப் பின்வாசல் உண்டு என்று எனக்கு அத்துப்படி. மற்றவர்களுக்கு மூன்று நாள் ஆகும் வேலையை ஒரே காலையில் முடித்தேன். படம் அவ்வளவு சுத்தமாக இருந்ததாக மேலே பாராட்டினார்கள். அந்தப் படத்தை வைத்துத்தான் இடித்தார்கள். அத்தை மகன் நம் வீட்டுக் கல்யாணம் எதற்கும் வருவதில்லை என்று நீ கேட்பாயே, இதுதான். அன்று சாயந்திரம் நான் வழக்கம்போல உன்னை சைக்கிளில் வைத்து பீச்சுக்குக் கூட்டிப் போனேன், நீ சுண்டல் கேட்டாய், வாங்கிக் கொடுத்தேன்.

அதனால் ரேமண்டைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்கவும் நான் யார்? எரிந்தது என் தெரு இல்லை. அந்தக் கோயிலில் முட்டி போடுவதா வேண்டாமா என்பதை உனக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் கிழவிகள் எப்போதோ முடிவு செய்திருப்பார்கள். சிலருக்கு அந்த இரவு நினைவிருக்கும் வயது. அவர்கள் வருகிறார்கள் என்பதால் நீயும் போக வேண்டும் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றால் வேறு கோயிலுக்குப் போ, பூசை எங்கும் பூசைதான். ஆனால் போனால், நான் கேட்கிறதைப் பார்த்துவிட்டு வா. நீ அனுப்பிய படத்தில் சுவர் மடித்த அட்டைபோல் நிற்கிறது, பூச்சு இல்லை, சென்ட்ரிங் பலகையின் ரேகைகூடத் தெரிகிறது. அந்த மடிப்பின் உள் மூலையில் எழுபது வருடத்தில் விரிசல் விட்டிருக்கிறதா? மழைநீர் எங்கே இறங்குகிறது? இங்கே யாரைக் கேட்டாலும் தெரியவில்லை.

கருயிசாவாவுக்குப் பனி விழும் முன் ஒருநாள் ரயிலில் போய் வா. கூரை மரம் கைக்கு எட்டாது. கீழே தூணோ கட்டையோ எட்டுகிற இடத்தில் தடவிப் பார். இழைப்புளி போட்ட வழவழப்பா, வாய்ச்சியால் செதுக்கின தடம் விரலில் தட்டுகிறதா என்று சொல். தாத்தாவின் வாய்ச்சி இன்னும் பரணில் இருக்கிறது. நேற்றுதான் எடுத்துத் துரு துடைத்து எண்ணெய் போட்டேன்.

மாவடுப் பொட்டலம் அடுத்த வாரம் அனுப்புகிறோம். கசியாமல் இருக்க அம்மா மூன்று கவர் போட்டிருக்கிறாள், பிரிக்கும்போது கத்தி வைக்காதே.

அன்புடன்,
அப்பா