இரவு 8 மணிக்கு மேல் ஆபீஸ் கால் வேண்டாம்: ஐடி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் நடத்தும் நிர்வாகிகளுக்கும் மனிதவளத் துறையினருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை எங்களுக்கு நேர மேலாண்மைப் பயிற்சி கொடுத்தீர்கள். காலை 10 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை. பயிற்சி நடத்த வந்தவர் விஷயம் தெரிந்தவர். 25 நிமிடம் ஒரே வேலையில் உட்காருங்கள், 5 நிமிடம் எழுந்து நடங்கள் என்றார். அவசரம் எது, முக்கியம் எது என்று நான்கு கட்டம் போட்டுப் பிரிக்கச் சொன்னார். எல்லாம் சரி. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற இந்தப் பொமோடோரோ முறையை நான் மூன்று வருடமாகவே பின்பற்றுகிறேன், பலன் இருக்கிறது. ஆனால் "உங்கள் நேரம் உங்கள் கையில்" என்று அவர் முடித்தபோது என் பக்கத்தில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தின நாள் இரவு 11.45-க்கு முடிந்த காலில் நாங்கள் இருவருமே இருந்தோம்.

அதனால்தான் இந்த மடல். கேட்பது ஒன்றுதான். இரவு 8 மணிக்கு மேல் தினசரி கால் வைக்காதீர்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரியும்: அமெரிக்க கிளையன்டுக்குப் பகலாக இருக்கும்போது நமக்கு இரவு. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் காலில் இருக்கும்போது சத்தம் போடக் கூடாது என்று அவளைப் பழக்கியது நான்தான். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோவாள். தூக்கம் வந்தால் கன்னத்தில் கை. வீட்டுப்பாடம் முடிந்துவிட்டால் நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவாள். நான் ஹெட்செட்டைக் கழற்றாமலே தலையாட்டுவேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப் பையை விட்டு வெளியே வரவில்லை. கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் என் எதிரில் வந்து நின்று கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனாள். "வாயைத் திறந்து கேளேன் கண்ணு" என்றேன். "பேசலாமாம்மா?" என்றாள்.

மிச்சக் கீரையை அன்றைக்கு என் கணவர்தான் ஆய்ந்தார்.

இதற்கு மாற்று வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கோடையில் நியூயார்க்கில் மதியம் 12 மணி என்றால் சென்னையில் இரவு 9.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அதுவே 10.30 ஆகிறது. கடிகாரம் மாறுவது அங்கே, தூக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப்போவது இங்கே. அதே கால் அவர்களுடைய காலை 8.30-க்கு இருந்தால் எங்களுக்குக் கோடையில் மாலை 6, குளிர்காலத்தில் 7. பேசி முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். கலிஃபோர்னியாவோடு இது இவ்வளவு எளிதில்லை, ஒப்புக்கொள்கிறேன். அங்கே காலை 8.30 என்றாலே கோடையில் இங்கே இரவு 9 மணி. அப்படியென்றால் ஒரு வாரம் நாங்கள் இரவில் வருகிறோம், அடுத்த வாரம் அவர்கள் தங்கள் இரவு 8 மணிக்கு வரட்டும். நமக்கு அப்போது காலை 8.30 ஆகியிருக்கும். சுமையை மாற்றி மாற்றிச் சுமப்பதில் யாருக்கும் அவமானமில்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு முறை, கால் நேரத்தை மாற்ற முடியுமா என்று நியூயார்க் கிளையன்ட் பக்கத்துப் பெண்மணியிடம் நானே நேரடியாகக் கேட்டேன். "உங்களுக்கு இப்போது என்ன மணி?" என்று திருப்பிக் கேட்டார். சொன்னேன். மன்னிப்புக் கேட்டு, அடுத்த நாளே கால் நேரத்தை அவர்களுடைய காலைக்கு மாற்றினார். ஆனால் மறுநாள் எனக்கு இங்கே என்ன கிடைத்தது தெரியுமா? கிளையன்டிடம் நேரடியாகப் பேசியது தவறு என்று அரை மணி நேர அறிவுரை. இரண்டே வாரத்தில் கால் பழையபடி இரவுக்கே போய்விட்டது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

இரவு 12 மணிக்குப் படுத்தவர் காலை 9.30-க்கு அட்டையை ஸ்வைப் செய்ய வேண்டும். மெட்ரோ பணி நடக்கும் சாலையில் சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று உங்கள் ஓட்டுநரைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் டைம்ஷீட், அதாவது வேலை நேரத்தை நாங்கள் நிரப்பும் படிவம். அதில் 8 மணி நேரத்துக்கு மேல் நிரப்பினால் ஏற்காது. இரவில் நாங்கள் உழைத்த நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

8 மணி நேரம் என்பது நாங்கள் புதிதாகக் கேட்பதும் இல்லை. 8 மணி நேர வேலைக்கான போராட்டத்தில் பிறந்த மே தினத்தை 1923-இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1947-இலேயே வரையறுத்துவிட்டது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளுக்கு 12 மணி நேர வேலை மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எழுந்த எதிர்ப்பில் அரசே அதைத் திரும்பப் பெற்றது. அதன் பிறகும் பெரிய நிறுவனத் தலைவர்கள் வாரத்துக்கு 70 மணி, 90 மணி என்று மேடையில் பேசுகிறார்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் சொல்லியிருக்கின்றன. அந்த 90 மணியில் சோறு பொங்குவது யார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையை நான் வெறுக்கவில்லை. பதினோரு வருடமாக விரும்பித்தான் செய்கிறேன். ஒரு நாள் சர்வர் நின்றுவிட்டால் நள்ளிரவு 2 மணிக்கும் எழுந்து வருவேன், வந்தும் இருக்கிறேன். அது அவசரம். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்ல அன்றாடம் நடக்கும் ஸ்டேட்டஸ் கால் அவசரமில்லை.

தயவுசெய்து அடுத்த ஒப்பந்தம் பேசும்போதே கிளையன்டிடம் நேரத்தையும் பேசுங்கள். இரவு 8 மணிக்கு மேல் தினசரி கால் இல்லை என்று எழுத்தில் கொடுங்கள். தவிர்க்க முடியாத இரவுகளை டைம்ஷீட்டில் எழுத அனுமதியுங்கள், மறுநாள் தாமதமாக வர விடுங்கள். ஒரு டீமிலாவது இந்த மாதமே தொடங்கிப் பாருங்கள். எங்கள் டீம் தயாராக இருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டீம் லீட்,
சோழிங்கநல்லூர்