கத்தி பிடிக்காத கைக்கும் வேலை உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

முகச்சவரம் பற்றி இதழ்களில் வரும் குறிப்புகள் பிளேடு, சோப்பு, லோஷன் என்பதோடு நின்றுவிடுகின்றன. மறு கை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதக் காணோம். வீட்டில் ரேசர் பிடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

தளர்ந்த தோல் பிளேடுக்கு முன்னால் சிறு மடிப்பாகக் குவியும். பிளேடு அந்த மடிப்பின் முகட்டைச் சீவிவிடும். மயிரோ சாய்ந்து தப்பிவிடும். உடனே கை அழுத்தத்தைக் கூட்டும், ரத்தம் வரும். தோலை விரித்துப் பிடித்தால் மயிர் நிமிர்ந்து நிற்கும், அழுத்தமும் தேவைப்படாது.

முதலில் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் முகத்தை நனைத்து நுரை போடுங்கள். மறு கை விரல்களை மட்டும் துண்டில் துடைத்துக்கொள்ளுங்கள். சோப்பு வழுக்கினால் பிடி நழுவும். நழுவிய தோல் சுருங்கி ஓடி பிளேடில் மோதும். ஈரமான படிகாரக் கல்லை விரல் நுனியில் தேய்த்துக்கொண்டால் நல்ல பிடிப்பு கிடைக்கும். பிளேடு எந்தத் திசையில் போகிறதோ அதற்கு எதிர்த்திசையில், அதன் பின்னால் இரண்டு விரற்கடை தள்ளி விரலை வைக்க வேண்டும். பிளேடின் பாதையில் விரல் இருக்கவே கூடாது.

கன்னம் எளிது: கிருதாவுக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தோலை மேலே தள்ளி, பிளேடைக் கீழ்நோக்கி இழுத்தால் போதும். தாடை எலும்பின் விளிம்புதான் வம்பு. எலும்பின் மேலேயே பிளேடை ஓட்டாமல், கன்னத் தோலை மேலே ஏற்றி, விளிம்பில் இருக்கும் மயிரைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து வழியுங்கள். மேலுதட்டுக்கு உதட்டைப் பல்லின் மேல் இறக்கி மூடிக்கொண்டால் போதும், மூக்கைப் பிடித்துத் தூக்க வேண்டியதில்லை.

கழுத்தில் பலருக்கு மயிர் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ வளரும். உலர்ந்த தோலில் விரலால் தடவிப் பார்த்து, சொரசொரக்காத திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். பிளேடும் அதே திசையில்தான் போக வேண்டும். மேல்நோக்கி வழிக்க நேர்ந்தால் கையைக் காறை எலும்பருகே வைத்துத் தோலைக் கீழே இழுங்கள். தலையை முழுக்க அண்ணாந்தால் தொண்டை முடிச்சு துருத்தும். முகவாயைச் சற்றே உயர்த்தி, முடிச்சின் மேலுள்ள தோலை ஒரு பக்கமாக ஒதுக்கி, மெத்தென்ற இடத்துக்கு வந்ததும் வழியுங்கள். பிறகு மறு பக்கம்.

எவ்வளவு விரிப்பது என்பதில்தான் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். மடிப்பு நீங்கும் வரை போதும். விரலடியில் தோல் வெளுத்தாலோ வாய்க்கடை கோணினாலோ அது மிகை. கடுமையாக இழுத்தால் தோலுக்குள் இருக்கும் மயிரும் சற்று வெளியே வரும். வெட்டியபின் கையை விட்டதும் அதன் கூர்நுனி தோலுக்கு அடியில் போய்விடும். சுருள் மயிர்க்காரர்களுக்கு அந்த நுனி வளைந்து உள்ளேயே குத்தி, கழுத்தில் கொப்புளமாக எழும்பும். மயிர் வளரும் திசைக்கு எதிராக வழிக்கும் எதிர்ச்சவரம் வேறு செய்தால் கேட்கவே வேண்டாம். இப்படிக் கொப்புளம் வருபவர்கள் தோலை இழுக்காமல், எதிர்ச்சவரத்தையும் விட்டு, டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் மயிரை விட்டுவைப்பது நல்லது.

பல பிளேடு கொண்ட ரேசர்களில் முன்னால் இருக்கும் ரப்பர் வரிகளே தோலை ஓரளவு விரித்துவிடும். அதற்கு மேல் கையும் பலமாக இழுத்தால் இதே தொல்லைதான். ஒற்றை பிளேடு ரேசருக்குத்தான் மறு கை அவசியம்: பிளேடு தோலோடு சுமார் 30 பாகை சாய்வில், ஒவ்வொரு இழுப்பும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள், இழுப்புக்கு இழுப்பு விரலையும் நகர்த்தி.

வயதானவர்களின் மெல்லிய தோலை ஒரு விரலால் இழுக்காமல், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டி இரு பக்கமும் விரித்து, நடுவில் வழிக்க வேண்டும். முதியோருக்குச் சவரம் செய்துவிடும் பிள்ளைகள் இதைக் கவனிக்கட்டும். பருவோ புண்ணோ உள்ள இடத்தை விரிக்காதீர்கள், வழிக்கவும் வேண்டாம்.

முகத்தில் எந்தெந்த இடத்தில் எந்தத் திசையில் விரல் வைப்பது என்று காட்டும் ஒரு கோட்டுப் படத்தைத் தங்கள் நாளிதழ் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முடிதிருத்தும் தொழிலாளர்கள் சிலர்,
மதுரை